நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் அந்தோனியார்

11.05.1986, ஞாயிறு

பாதர் கதைக்கும்போது அவருடைய கைகளைத்தான் முதலில் கவனித்தேன். பிடித்த மீனின் நீளத்தைக் காட்டுகிறவர்போல இரண்டு கைகளையும் அகல விரித்துத் தொடங்கினார். கதை போகப் போக உள்ளங்கைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. கடைசியில் நடுவில் ஒரு பாண்துண்டு வைக்கிற இடம்தான் மிச்சம். அந்த இடத்தை என் அண்ணை லோரன்ஸின் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொன்னார். அண்ணை, யேஸ் பாதர், யேஸ் பாதர் என்று தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் வரும்போதுதான் விசயம் வெளியே வந்தது. இந்த வருடம் அந்தோனியார் திருநாள், ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமையில் வருகிறது. கோவில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் அந்தோனியார் கூத்துப் போடப் பாதர் சம்மதம். ஆனால் அன்றைக்கே இரவு எட்டு மணிக்கு உலகக் கிண்ணத்தில் டென்மார்க்கும் ஜேர்மனியும் மோதுகின்றன. பங்கு முழுக்க அந்த மண்டபத்தில் இருந்துதான் பெரிய ரீவியில் பார்க்கப் போகிறதாம். ஐந்து மணிக்குப் பூசை. ஆறு மணிக்குக் கூத்து. ஆறே முக்காலுக்கு மண்டபம் காலியாக வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடம்!

மன்னாரில் அந்தக் கூத்து இரவு தொடங்கினால் விடியற்பூசை மணியோடுதான் முடியும். எட்டு மணித்தியாலம். அண்ணைக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் யேஸ் பாதர்.

பாதர் சொன்ன சொல் 'நரோ டவுன்'. அர்த்தம் என்ன என்று கேட்டேன். தனக்கும் வடிவாகத் தெரியாது, கையைப் பார்த்து விளங்கிக்கொண்டேன் என்றார் லோரன்ஸ் அண்ணை.

12.05, திங்கள்

வேலை மூன்று மணிக்கு முடிந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை மெசினுக்குள் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலை. அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போனேன். டென்மார்க்கின் இந்தப் பிரெடெரிசியா நகரத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அங்கே ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. ஒருவரோடும் கதைக்கக்கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

டேனிஷ் என் காதுக்குள் போகிறது, வாயால் வெளியே வருவதில்லை. எட்டு மாதமாக வேலையில் நான் சொன்னதெல்லாம் ஓம், இல்லை, நன்றி. இங்கிலீஷ் ஒன்பதாம் வகுப்புவரை படித்தேன். பிறகு ஊரில் பள்ளிக்கூடமும் இல்லை, படிப்பும் இல்லை.

சொற்களை அர்த்தம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக அடுக்கிய ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் அங்கே இருக்கிறது. 'நரோ டவுன்' எங்கே என்று தேடிப் போனால் அது தனியாக இல்லை, பெரிய குடும்பத்தோடு இருக்கிறது. கட். ட்ரிம், நுனியை மட்டும் எடுப்பது. பேர், தோலைச் சீவுவது. ப்ரூன், காய்க்கிறதுக்காகக் கொப்பை வெட்டுவது. விட்டில், கத்தியால் தடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவது. பொயில் டவுன், வற்றக் காய்ச்சுவது. கண்டென்ஸ், இறுக்குவது. ஷ்ரிங்க், சுருங்கிப்போவது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

குறைப்பதற்கு முப்பத்தொரு சொல்! இவ்வளவு குறைக்கத் தெரிந்த ஆட்கள் அதில் நாலைந்தையாவது குறைத்திருக்கலாம். நூலகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிறமாதிரி நடித்தேன்.

14.05, புதன்

இன்றைக்கு மெசினில் ஒரு கம்பளி மேற்சட்டை பிழையாக விழுந்து பொம்மைச் சட்டையாக வெளியே வந்தது. ஷ்ரிங்க்.

17.05, சனி

எங்கள் வீட்டில் கூட்டம். கூத்தை யார் குறைப்பது? யாரிடம் கொடுத்தாலும் தன் பாட்டை விட்டுவிட்டு மற்றவனுடையதைத்தான் வெட்டுவான் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்கள். அரைமணி நேரம் சண்டை. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அப்போது அந்தோனிதாசன் அண்ணை, ராசாவாக ஆடுகிறவர், என்னைக் காட்டி, இந்தப் பிள்ளைக்குக் கூத்தில் பாகமே இல்லை, எழுத்தும் முத்துமுத்தாக இருக்கும் என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்தியாம்பிள்ளை அண்ணாவியார் தன் கொப்பியைப் பையிலிருந்து எடுத்தார். அண்ணாவியார் என்றால் கூத்து முழுவதையும் தெரிந்து, மேடையோரம் நின்று ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுக்கிறவர். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிறார். கொப்பியை என் கையில் தந்தார். விடும்போது மட்டும் ஒரு கணம் பிடித்து வைத்திருந்தார்.

19.05, திங்கள்

இன்றைக்குப் பெந்தெகொஸ்தே விடுமுறை. காலையிலிருந்து வெட்டுகிறேன். எனக்கு இப்படி ஒரு சந்தோசம் வந்ததேயில்லை!

ஒரு புதுக் கொப்பியில் இருப்பதை எழுதுகிறேன். இன்னொன்றில் வெட்டினதை எழுதுகிறேன், அண்ணாவியாரின் கொப்பியில் பென்சில்கூடப் படக்கூடாது என்பதற்காக. அலாரம் மணிக்கூட்டை மேசையில் வைத்து, வாய்க்குள்ளே பாடிப் பார்த்து நேரம் குறிக்கிறேன். தோத்திரப் பாட்டுக்கு ட்ரிம். மந்திரி ராசாவைப் புகழ்வதற்கு 'பேர்', தோல் சீவல். கட்டியகாரன், ராசா வாறார், ராசா வாறார் என்று பதினொரு தரம் சொல்கிறான். ஒரு தரம் சொன்னால் எங்களுக்குக் கேட்காதா? கட்!

அண்ணி மேரிகிறேஸ் எட்டிப் பார்த்து, என்னடி தனிய இருந்து சிரிக்கிறாய் என்று கேட்டா. பசாசுக்குத் தலைமயிர் வெட்டுகிறேன் என்றேன்.

22.05, வியாழன்

ராசா மேடைக்கு வருகிற வரவுப்பாட்டு மட்டும் இருபத்திரண்டு நிமிடம். வந்தவர் வாய் திறந்து ஒரு விசயம் சொல்லுமுன்னே எங்கள் நேரத்தில் பாதி போய்விடும். அதை இரண்டு நிமிடமாக்கினேன். எப்படித் தெரிந்ததோ, இன்றைக்கு அந்தோனிதாசன் அண்ணை சொக்லேட் பெட்டியோடு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ராசா நடந்து வாறதோ, ஓடி வாறதோ? நீ எழுதினதைப் பாத்தால் அவர் பஸ்ஸைப் பிடிக்க வாறமாதிரியெல்லோ கிடக்கு."

அரை நிமிடம் கூட்டிக் கொடுத்தேன். சொக்லேட்டுக்காக இல்லை. சரி, கொஞ்சம் சொக்லேட்டுக்காகவும்தான்.

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் நித்தியானந்தன் அண்ணை வந்தார். அவர்தான் பசாசு. விசா இன்னும் முடிவாகவில்லை, அதனால் வேலையும் இல்லை, நாள் முழுக்க ஆடிப் பழகுகிறார். பசாசு செத்து விழுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று கும்பிட்டார். தான் சைவக்காரன், அந்தோனியார் கையால் சாகிறது தனக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்குதாம்.

அதுவும் பத்து நிமிடம். ஒரு நிமிடத்தில் சாகட்டும்.

25.05, ஞாயிறு

விட்டில், விட்டில், விட்டில். ஐம்பத்திரண்டு நிமிடம். நாற்பத்தொன்பது. மீன்களுக்கு அந்தோனியார் வைக்கிற பிரசங்கம் இருபது நிமிடம் இருந்தது, நாலு வரியாக வற்றக் காய்ச்சினேன்.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்து பாடினேன். கடைசி மங்களம் முடியவும் அலாரம் அடித்தது. நாற்பத்தைந்து! குசினிக்குள் நின்று மூன்று சுற்றுச் சுற்றினேன். சட்டியில் முட்டி முழங்கை கண்டிப்போய்விட்டது. நோகவேயில்லை.

எட்டு மணித்தியாலத்தை நான் நாற்பத்தைந்து நிமிடம் ஆக்கியிருக்கிறேன். நான். ஒன்பதாம் வகுப்பு.

01.06, ஞாயிறு

மண்டபத்தில் முதல் ஒத்திகை. நாற்பத்தாறு நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பாதர் ஒரு சொல்லும் விளங்காமலே எங்களைவிட உரத்துத் தட்டினார்.

அண்ணாவியார் தட்டவில்லை. என் கொப்பியை இரண்டு கையாலும் மூடி மேசையில் வைத்தார், வடிவான எழுத்து என்றார், பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒத்திகையில் அவர் ஒரு இடத்திலும் பிழைவிடவில்லை. பிறகு ஏன் அப்படி ஒரு முகம்?

02.06, திங்கள்

அண்ணி சொல்லித்தான் தெரியும். போன வருடம் அண்ணாவியாரின் மகனை ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். இவர் இங்கே இருந்தபடி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். மகன் உயிரோடு வெளியே வந்தால் திருநாளன்று கூத்தை ஒரு அடியும் விடாமல் பாடுவேன் என்று. மார்கழியில் மகனை விட்டுவிட்டார்கள். இப்போது மதுரையில் சுகமாக இருக்கிறானாம்.

ஒரு அடியும் விடாமல்.

நான் எத்தனை அடி விட்டேன்? ஐயோ, நான் சிரிச்சுச் சிரிச்சு வெட்டினனான். பசாசுக்குத் தலைமயிர் வெட்டுறன் எண்டு பகிடி வேற விட்டனான். அந்த மனுசன் ஏன் ஒண்டும் சொல்லேல்லை? பாதருக்கு அண்ணை குடுத்த வாக்குக்காகவோ?

03.06, செவ்வாய்

நேர்த்தியைக் குறைக்கலாமா? அண்ணியைக் கேட்டேன். மெழுகுதிரியைப் பாதி கொளுத்தி அணைக்கிறமாதிரித்தான் என்றா.

கூட்டத்தில் சொன்னால் சண்டை வரும், கூத்தே நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவர் நேர்ந்தது நேர்ந்தபடி கிடக்கும். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் என்றும் இல்லையாம். மகன் விடுபட்டு வருகிற முதல் திருநாள் என்றே நேர்ந்தவராம்.

சொக்லேட் இன்னும் அரைப்பெட்டி இருக்கிறது. தொட மனமில்லை.

04.06, புதன்

அந்த முப்பத்தொரு சொல்லையும் திரும்ப வாசித்தேன். எப்படி வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எந்தக் கத்தியால் என்று எல்லாம் சொல்கின்றன. வெட்டினது எங்கே போகும் என்று ஒரு சொல்லாவது சொல்லவில்லை. சீவின தோல் எங்கே? வற்றக் காய்ச்சின தண்ணி எங்கே?

என்னுடைய தோல் இரண்டாவது கொப்பியில் அப்படியே இருக்கிறது. நூற்றிருபது பக்கம்.

அதைப் புரட்டினேன். மீன் பிரசங்கம் வந்தது. சனங்கள் கேட்க மாட்டோம் என்று கதவைச் சாத்திவிட, அந்தோனியார் என்ன செய்தார்? கடற்கரைக்குப் போய் மீன்களுக்குச் சொன்னார்.

இந்த நூற்றிருபது பக்கத்துக்கும் மண்டபம் இல்லை. ஆனால் கடல் இருக்கிறதே! பஸ்ஸில் ஏழு நிமிடம்!

இருந்த இடத்திலேயே துள்ளினேன். கீழ்வீட்டுக் கிழவர் தடியால் கீழிருந்து கூரையில் இடித்தார்.

05.06, வியாழன்

இன்றைக்கு அரைநாள் வேலை. அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். தனியே ஒரு வீட்டு மணியை அடித்தது இதுதான் முதல்தரம். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் பன்னிரண்டு தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் ஒன்றுமே இல்லை. இரண்டாவது கொப்பியை நீட்டினேன். வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். வெட்டினதையும் எழுதி வைச்சிருக்கிறியோ என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். திருநாளன்று காலையிலிருந்து இந்தக் கொப்பியில் உள்ளதைக் கடற்கரையில் பாடுவோம், மிச்சத்தை ஆறு மணிக்கு மண்டபத்தில் பாடுவோம், இரண்டும் சேர்ந்தால் ஒரு அடியும் விடுபடாது, ஒரே நாள்தானே.

அவர் கதிரையில் இருந்தார். கனநேரம் கொப்பியின் மட்டையைத் தடவினார்.

"ஆர் பிள்ளை கேக்கிறது?"

"மீன்."

முகம் மெல்ல மாறியது. சிரிக்கிறாரா அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தோனியாருக்கே காணுமெண்டால் எனக்கும் காணும்," என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை நான் லீவு எடுப்பன், மற்ற எல்லாருக்கும் வேலை. நித்தி மட்டும் வருவான். நான் அடி எடுத்துக் குடுக்க, ராசாவுக்கு ஆர் பாடுறது? மந்திரிக்கு ஆர்?"

"நான்."

"நீயோ? உன்ர குரலை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

09.06, திங்கள்

வேலையில் எல்லோரும் நித்திரை தூங்குகிறார்கள். நேற்று நடுச்சாமத்தில் டென்மார்க் உருகுவேக்கு ஆறு கோல் போட்டதாம். விரிப்புகளை ஏழாக மடித்தாலும் இன்றைக்கு ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

எங்கள் வரிசைக்குப் பொறுப்பான இங்க என்ற டேனிஷ்காரியிடம் போனேன். வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். நாலு டேனிஷ் சொல். மூன்று சொன்னேன், நாலாவது விழுங்குப்பட்டுவிட்டது. இங்க ஆறு விரலைக் காட்டி, உதைபந்தாட்டத்துக்கோ என்று கேட்டா. தலையை ஆட்டிவிட்டேன். அந்தோனியாரே, மன்னியும். இங்க என்னைக் கட்டிப்பிடித்து மற்றப் பெண்களிடம் கத்திச் சொன்னா, இந்தப் பிள்ளைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

பிடித்துத்தான் இருக்கிறது.

12.06, வியாழன்

நாளைக்கு. இரண்டாவது கொப்பியைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்தேன்.

14.06, சனி

நேற்று எழுத முடியவில்லை. பாடிப் பாடித் தொண்டையில் குரல் இல்லை. எழுதுவதற்குக் குரல் எதற்கு? இருந்தாலும் முடியவில்லை.

காலை எட்டரைக்கு நாங்கள் மூன்று பேரும் கடற்கரையில். தூறல், குளிர்காற்று. நான் அண்ணியின் மஞ்சள் மழைக்கோட்டில். மத்தளத்துக்குப் பதிலாக நித்தியானந்தன் அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அண்ணாவியார் சிலுவை அடையாளம் போட்டுக் காப்புப் பாட்டைத் தொடங்கினார். கட்டியகாரனும் அவரே ஆனார். ராசா வாறார், ராசா வாறார். வெட்டின பத்துத் தரமும் சொன்னார்.

பிறகு ராசா வரவேண்டும். அவர் அடி எடுத்துத் தந்தார்: சிங்கம்போல் வாறேனே, செங்கோல் ஏந்தி வாறேனே. நான் பாடினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்ப அதே அடியைத் தந்தார். திரும்பப் பாடினேன். மூன்றாம் தரம் வாளிச் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, மீனுக்குக் காது தண்ணிக்குள்ள. கொஞ்சம் உரத்துப் பாடு."

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து குரலும் வந்துவிட்டது. எங்கே இருந்தது இவ்வளவு நாளும்? சிங்கம்போல் வாறேனே! காற்று அள்ளிக்கொண்டு போனது, நான் இன்னும் உரத்துப் பாடினேன். மணலில் காலை உதைத்து வட்டம் சுற்றினேன். வெட்டின பத்தொன்பதரை நிமிடமும் ராசாவாக நடந்தேன். ஓடவில்லை! பத்து மணிக்கு மந்திரி. பதினொன்றுக்குக் கள்ளன். பன்னிரண்டுக்கு அண்ணி கட்டித்தந்த புட்டைச் சாப்பிட்டோம், வாயில் புட்டோடு இராணியின் புலம்பலைத் தொடங்கினேன். பசாசுக்கு ஒன்பது நிமிடம் என்று எழுதியிருந்த சாவை நித்தியானந்தன் அண்ணை இருபது நிமிடம் செத்தார். தடுக்க ஒருவரும் இல்லை. நாயோடு நடக்க வந்த ஒரு மனிதர் தூரத்து மரவாங்கில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கம் வரவில்லை. வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

மீன் பிரசங்கத்தை அண்ணாவியார் தானே பாடினார், தண்ணிக்குள் முழங்காலளவு இறங்கி நின்று. மச்சங்களே கேளும் என்று கையை நீட்டினபோது நித்தியானந்தன் அண்ணை வாளியில் அடிக்க மறந்துபோனார். மீன் வந்ததா? நான் காணவில்லை. வரவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

மூன்றேமுக்காலுக்குக் கொப்பியின் கடைசி வரி. அவர் குனிந்து கடல்தண்ணியில் முகம் கழுவினார். கனநேரம் கழுவினார்.

மண்டபத்தில் ஆறு மணிக்குத் தொடங்கி ஆறு நாற்பத்துநாலுக்கு முடித்தோம். அண்ணாவியார் என் முதல் கொப்பியை விரித்து வைத்து, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அடி கொடுத்தார். இரண்டரை நிமிட ராசாவுக்கு, உதைபந்தாட்டம் பார்க்க முந்தியே வந்த சிவப்பு வெள்ளைத் தொப்பிக்காரர் வாசல்வரை நின்று கைதட்டினார்கள். அந்தோனிதாசன் அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. பிறகு எல்லோருமாகக் கதிரைகளைத் திருப்பிப் போட்டு ரீவி பார்த்தோம். டென்மார்க்குக்கு இரண்டு, ஜேர்மனிக்குப் பூச்சியம். பாதர் அண்ணாவியாரைத் தூக்கிவிட்டார்!

வீட்டுக்கு வெளிக்கிடும்போது அண்ணாவியார் என் தலையில் கை வைத்தார். "தீர்ந்துது பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

16.06, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் இங்க ஒரு கதை சொன்னா. அவவுடைய மைத்துனர் வெள்ளிக்கிழமை கடற்கரைக்கு நாயைக் கொண்டுபோனாராம். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஒருவன் வாளியில் அடிக்கிறான். பெண் மஞ்சள் மழைக்கோட்டில் கையை ஓங்கிக் கடலைப் பார்த்துக் கர்ச்சிக்கிறாள். பொலிசுக்குச் சொல்லத்தான் முதலில் நினைத்தாராம். பிறகு வாங்கில் இருந்தவர் இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லையாம், நாயும் எழும்பவில்லையாம். அது என்னவாக இருக்கும்? உதைபந்தாட்டத்துக்கு உற்சாகம் பழகியிருப்பார்கள் என்று ஒருத்தி சொன்னாள். குடித்திருப்பார்கள் என்று மற்றவள் சொன்னாள். மேசை முழுக்கச் சிரிப்பு.

ஒரு சொல் விடாமல் எல்லாம் எனக்கு விளங்கியது.

பாண்துண்டைத் தட்டில் வைத்தேன். எழும்பி நின்றேன். அது நான்தான், நான்தான் ராசா என்று டேனிஷில் சொன்னேன்.